நெற்றி சென்சார் 61 காட்டினால் மூளைக்கு ஆக்ஸிஜன் போதவில்லையா? மலை ஆஸ்பத்திரிக்கு அந்த மெஷினை வாங்கித் தரலாமா?

நீங்கள் எழுதியதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கோயம்புத்தூரில் அப்பாவுக்குப் பைபாஸ் நடந்தபோது நெற்றியின் இரண்டு பக்கமும் ஒட்டியிருந்த சென்சார் 61, 64 என்று காட்டியிருக்கிறது, விரல் கிளிப்போ 98 காட்டியிருக்கிறது. அப்படியானால் மூளைக்கு நாற்பது சதவீதம் ஆக்ஸிஜன் போகவே இல்லையா என்று உங்கள் அண்ணன் பயப்படுகிறார். இரண்டாவது, அப்பாவைத் திரும்பக் கோத்தகிரிக்குக் கூட்டிவந்தால் அந்த உயரத்தில் இன்னும் குறையுமா. மூன்றாவது, ஊர்க்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு மலை மேல் உள்ள ஒரு ஆஸ்பத்திரிக்கு இந்த மெஷினை வாங்கித் தரலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அது நல்ல யோசனையா.

நான் பெர்ஃப்யூஷனிஸ்ட், அதாவது பைபாஸ் நடக்கும்போது இதய நுரையீரல் மெஷினை ஓட்டுகிறவன். சொந்த ஊர் குன்னூர். அந்த நெற்றி எண்ணைக் கண்ணெடுக்காமல் பார்ப்பது என் வேலையில் ஒரு பாதி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். மூன்றாவது கேள்விக்குத்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் முதல் இரண்டும் புரிந்தால்தான் அது புரியும்.

அண்ணனிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: 61 என்பது பயப்பட வேண்டிய எண் இல்லை. விரல் கிளிப்பும் நெற்றி சென்சாரும் ஒரே விஷயத்தை அளக்கவில்லை, அதனால் 98-இலிருந்து 61-ஐக் கழிப்பதில் அர்த்தமே கிடையாது. விரல் கிளிப் தமனி ரத்தத்தை மட்டும் பார்க்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் விரலுக்குள் ரத்தம் கூடிக் குறைகிறதே, அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்குப் போடுகிறது. ஜப்பானில் தகுவோ அவோயாகி என்ற பொறியாளர் 1970-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த வழி அது. நெற்றி சென்சார் துடிப்பைத் தேடுவதே இல்லை. தனக்குக் கீழே இருக்கும் ரத்தம் முழுவதையும் கலந்து பார்க்கிறது, அந்தக் கலவையில் ஏறக்குறைய முக்கால் பங்கு சிரை ரத்தம், அதாவது மூளை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பிய ரத்தம். மூளை நம் உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆக்ஸிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. வரும் ஆக்ஸிஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை அனுப்பும். ஆக, எல்லாம் சரியாக இருக்கும் மனிதரிடமே அந்தக் கலவை 60-க்கும் 75-க்கும் நடுவில்தான் பெரும்பாலும் நிற்கும். வயதான இதய நோயாளிகளிடம் இன்னும் கொஞ்சம் கீழே, அறுவைக்கு முன்பே 60-ஐ ஒட்டி இருப்பதும் சாதாரணம்தான்.

துடிப்பு வேண்டாம் என்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் தியேட்டரில் இதை நாங்கள் ஒட்டுவதற்கே அதுதான் காரணம். இதயத்தை நிறுத்திவிட்டு என் பம்பில் ரத்தம் ஓடும்போது துடிப்பு இருக்காது, ஒரே சீராகப் போகும். விரல் கிளிப்புக்கு அப்போது எதுவும் கிடைக்காது. மயக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்க்கவும் முடியாது. மூளை எப்படி இருக்கிறது என்று அந்த நேரத்தில் விடாமல் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பது இந்த நெற்றிப் பட்டைதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்றால், சிவப்புக்கு அடுத்து கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்கிறது, சுமார் 700 முதல் 900 நானோமீட்டர் அலைநீளம். தோல், எலும்பு, மூளை எல்லாம் மற்ற நிறங்களை விழுங்கிவிடும், இதை மட்டும் ஓரளவு உள்ளே விடும். ஆனால் நேர்கோட்டில் விடாது. பர்லியாறு வளைவுகளில் மூடுபனி இறங்கியிருக்கும்போது ஹெட்லைட் போட்டால் வெளிச்சம் பாதையில் போகாமல் எல்லாப் பக்கமும் சிதறிக் கொஞ்சம் நம் கண்ணுக்கே திரும்பி வருமே, தலைக்குள்ளும் அதே கதைதான். அப்படிச் சிதறித் திரும்பி வருவதைத்தான் சில சென்டிமீட்டர் தள்ளி வைத்த உணரி பிடிக்கிறது. ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் இறக்கிய ஹீமோகுளோபினும் சுமார் 800 நானோமீட்டரில் ஒரே அளவு வெளிச்சத்தை விழுங்கும், அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு வேறு அளவில் விழுங்கும். இரண்டு மூன்று அலைநீளங்களில் அளந்தால் எது எவ்வளவு என்று பிரித்துவிடலாம். தலையைத் திறக்காமலே இப்படிப் பார்க்க முடியும் என்று 1977-இல் காட்டியவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரான்ஸ் யோப்சிஸ். தொழில் பேச்சில் இதை நிர்ஸ் என்கிறோம்.

இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்றாவது கேள்விக்கு அவைதான் முக்கியம். வெளிச்சம் மூளைக்குப் போகும் வழியில் தோலையும் மண்டையோட்டையும் கடக்கிறது, திரும்பும்போதும் கடக்கிறது. அதனால் மெஷினில் இரண்டு உணரி வைத்து, பக்கத்தில் உள்ளது பார்த்ததைத் தூரத்தில் உள்ளது பார்த்ததிலிருந்து கழிக்கிறார்கள், ஆனாலும் தோலின் பங்கு முழுசாகப் போவதில்லை. பட்டைக்கு நேர் கீழே நெற்றிப் பகுதி மூளையின் மேல்புறம் மட்டும்தான் தெரியும். பின்பக்கம் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் இது சும்மா இருந்துவிடும். தோல் கறுப்பாக இருந்தால் எண் கொஞ்சம் தாழ்வாக வரலாம், மஞ்சள் காமாலை அதிகமாக இருந்தாலும் அப்படியே. 1996-இல் ஆஸ்திரியாவில் இறந்தவர்களின் நெற்றியில் ஒட்டிப் பார்த்தார்கள், அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு உயிரோடிருப்பவர்களுக்கு வரக்கூடிய எண்களே வந்தன. இதை வைத்து மெஷின் பொய் என்று சொல்ல மாட்டேன். தனியாக நிற்கும் ஒரு எண்ணை நம்பக்கூடாது, அதே ஆளிடம் அது எப்படி மாறுகிறது என்பதைத்தான் நம்ப வேண்டும் என்று சொல்வேன். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே ஒட்டி, அவருடைய ஆரம்ப எண்ணைக் குறித்துக்கொள்வோம். அதிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு இறங்கினாலோ 50-க்குக் கீழே போனாலோதான் வேலை தொடங்கும். அப்பாவுக்கு ஆரம்பத்தில் 66 இருந்து 61 ஆகியிருந்தால் யாரும் அசைந்திருக்கக்கூட மாட்டார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது நன்றாகப் பேசி நடந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த 61-ஐ விட எனக்கு அது பெரிய தகவல்.

எண் இறங்கினால் நாங்கள் என்ன பார்ப்போம் என்பதிலிருந்து மூளை ரத்த ஓட்டத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். தலை ஒரு பக்கமாகத் திரும்பிக் கழுத்துச் சிரை மடங்கியிருக்கிறதா, ரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கிறதா, பம்ப் ஓட்டம் போதுமா, ஹீமோகுளோபின் எவ்வளவு. அப்புறம் கார்பன் டை ஆக்சைடு. இதை எல்லோரும் கழிவு என்று மட்டும் நினைக்கிறார்கள், ஆனால் மூளையின் ரத்தக்குழாய்களைத் திறந்து மூடும் சாவி அதன் கையில்தான் இருக்கிறது. ரத்தத்தில் அது ஒரு மி.மீ. பாதரசம் குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் சுமார் 2 முதல் 4 சதவீதம் குறையும். இயல்பான 40-இலிருந்து 20-க்கு இறங்கினால் ஓட்டம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்குகிறவர்களுக்குத் தலை சுற்றுவது இதனால்தான்: விரல் கிளிப் 99, 100 என்று காட்டும், அதே நேரத்தில் மூளைக்கு ரத்தம் குறைந்திருக்கும். ஆக்ஸிஜன் செறிவு வேறு, ரத்த ஓட்டம் வேறு. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இரண்டாவது கேள்வி சுலபம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், ஊட்டி 2,240. காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு இங்கேயும் அதே 21 சதவீதம்தான், காற்றழுத்தம்தான் கடல் மட்டத்தில் உள்ளதில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்காகக் குறைகிறது. அதனால் கீழே 98 காட்டும் விரல் மேலே 95, 96 காட்டலாம், அதற்காகப் பதற வேண்டாம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் கணிசமாக இறங்கினால்தான் மூளை தன் குழாய்களை விரித்து ஓட்டத்தை வேகமாகக் கூட்டும், நம் உயரத்தில் அந்த நிலை வராது. மலைநோய் என்று மருத்துவர்கள் பேசுவதே பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலே. பிறந்து வளர்ந்த ஊருக்குத் திரும்புகிறவரை இது ஒன்றும் செய்யாது. ஆனால் நுரையீரலில் நீர் சேர்ந்திருந்தாலோ, ஹீமோகுளோபின் மிகவும் குறைந்திருந்தாலோ, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ மலை ஏறுவதற்கு முன் அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு நெற்றி சென்சார் வாங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள், சாதாரண விரல் கிளிப்பே போதும், அதையும் ஒரு நாளைக்குப் பத்து தடவை மாட்டாதீர்கள்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வாங்கித் தருவது. உங்கள் ஊர்க்காரர்களின் மனசு பெரியது, அதனால்தான் நேராகச் சொல்கிறேன்: நிர்ஸ் வாங்காதீர்கள். மெஷின் ஒரு தடவைச் செலவு, சென்சார் அப்படி இல்லை. ஒரு நோயாளிக்கு ஒட்டிய ஜோடியை எடுத்துப் போட வேண்டியதுதான், ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை. இதய அறுவை நடக்காத இடத்தில் முதல் பெட்டி சென்சார் தீர்ந்ததும் மெஷின் மூலைக்குப் போய்விடும். குறைமாதக் குழந்தைகளுக்காவது உதவுமே என்று யாராவது சொல்லலாம். அதையும் பெரிய அளவில் சோதித்துவிட்டார்கள். 1,601 குழந்தைகளைச் சேர்த்து நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது: பிறந்த முதல் மூன்று நாள் இந்த எண்ணைப் பார்த்துச் சிகிச்சை கொடுத்த குழுவில் இறப்பு அல்லது கடுமையான மூளைப் பாதிப்பு 35.2 சதவீதம், வழக்கமான கவனிப்புக் குழுவில் 34 சதவீதம். வித்தியாசம் இல்லை. எண் கண்ணுக்குத் தெரிவதாலேயே குழந்தை பிழைத்துவிடாது என்று எனக்கு அது உறைத்தது.

ஆனால் மூளையைத் தொடாமல் அளக்கும் இன்னொரு முறை இருக்கிறது, அது நம் மலைக்கென்றே செய்த மாதிரிப் பொருந்துகிறது. 1982-இல் ரூன் ஆஸ்லிட் என்ற நார்வேக்காரர் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் செய்து காட்டியது. காதுக்கு முன்னால், கன்ன எலும்புக்கு மேலே மண்டையோடு மெல்லியதாக இருக்கும். அங்கே 2 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராசவுண்ட் புரோபை வைத்தால் உள்ளே நடு மூளைத் தமனியில் ரத்தம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று கேட்கலாம், திரையிலும் பார்க்கலாம். டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர் என்பார்கள். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து இல்லை. வயதானவர்கள் சிலருக்கு அந்த எலும்பு கெட்டியாகி ஒலி உள்ளேயே போகாது, குழந்தைகளிடம் அந்தத் தொல்லை மிகவும் குறைவு. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது, இது அளப்பது வேகத்தை, ரத்தத்தின் அளவை அல்ல. வேகம் கூடினால் அதிக ரத்தம் போகிறது என்றும் இருக்கலாம், குழாய் சுருங்கிவிட்டது என்றும் இருக்கலாம்.

அரிவாள் செல் நோய், அதாவது சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைகளிடம் இந்த இரண்டுமே நடக்கிறது. ரத்தசோகை இருப்பதால் மூளை அதிக ரத்தத்தை இழுக்கிறது. கூடவே, வளைந்து விறைத்த சிவப்பணுக்கள் உரசி உரசி மூளையின் அடியில் உள்ள பெரிய தமனிகளின் உட்சுவர் தடித்துக் குழாய் குறுகுகிறது. ஒருநாள் அடைத்துக்கொள்ளும். ஐந்து வயதுக் குழந்தைக்குப் பக்கவாதம். முன்கூட்டிப் பார்க்கும் வழி இல்லாத காலத்தில் அமெரிக்காவில் இந்த நோயுள்ளவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு 20 வயதுக்குள் பக்கவாதம் வந்திருந்தது. 1998-இல் வெளியான ஆய்வில் டாப்ளர் வேகம் நொடிக்கு 200 சென்டிமீட்டரைத் தொட்ட 130 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். மாதாமாதம் ரத்தம் ஏற்றிய குழுவில் ஒருவருக்குப் பக்கவாதம், ஏற்றாத குழுவில் பதினொரு பேருக்கு. வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தி எல்லோருக்கும் ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். மருத்துவத்தில் ஒரு அளவீடு இத்தனை நேரடியாக ஒரு குழந்தையின் கையையும் காலையும் பேச்சையும் காப்பாற்றுவது மிக அபூர்வம், இதைப் படித்த நாளிலிருந்து இது ஏன் எல்லா மலையிலும் இல்லை என்று எனக்கு ஆற்றாமைதான்.

இந்தியாவில் அரிவாள் செல் இருப்பது முதலில் பதிவானதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-இல், லேமன், கட்புஷ் என்ற இருவர் எழுதிய அறிக்கையில். அதற்குப் பிறகு எத்தனை காலம் போய்விட்டது. கூடலூரில் அஸ்வினி என்ற தொண்டு அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனையும், உங்கள் கோத்தகிரியிலேயே இருக்கும் நாவா என்ற ஆதிவாசி நலச் சங்கமும் பல வருடங்களாக இந்த நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடித்துக் கவனித்து வருகிறார்கள். 2023 ஜூலையில் மத்திய அரசும் இதற்கென்று தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்திய வகை அரிவாள் செல் நோயில் கருக்கால ஹீமோகுளோபின் அதிகமாகத் தங்குவதால் ஆப்பிரிக்க வம்சாவளியினரை விடப் பொதுவாகக் கொஞ்சம் மென்மையாகவே போகும், பக்கவாதமும் அங்கே அளவுக்கு இங்கே வராது. ஆனால் குறைவு என்பது இல்லை என்பது அல்ல. எந்தக் குழந்தைக்கு வரும் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. ஒரு மரபணு மட்டும் உள்ள, நோய் இல்லாத குழந்தைகளுக்கு இந்தச் சோதனை தேவையில்லை. இரண்டு பக்கமிருந்தும் மரபணு வந்த குழந்தைகளுக்கு 2 வயதிலிருந்து 16 வயது வரை வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதுதான் வழிகாட்டுதல். 170-க்குக் கீழே என்றால் நிம்மதி, 170-க்கும் 200-க்கும் நடுவில் என்றால் சீக்கிரமே மறுபடி பார்க்க வேண்டும், 200 என்றால் உடனே சிகிச்சை.

மாதாமாதம் ரத்தம் ஏற்ற மலைக் கிராமத்துக் குழந்தை எங்கே போகும் என்று கேட்பீர்கள், சரியான கேள்வி. ஒரு வருடமாவது ரத்தம் ஏற்றி, ஸ்கேனில் குழாய்கள் பெரிதாகக் கெடாமல் இருக்கும் குழந்தைகளை ஹைட்ராக்ஸியூரியா மாத்திரைக்கு மாற்றினாலும் வேகம் கட்டுக்குள் நிற்கிறது என்று 2016-இல் ஒரு ஆய்வு காட்டியது. ரத்தம் கிடைப்பதே பெரும்பாடான நைஜீரியாவில் ஆரம்பத்திலேயே அந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். அதுவும் மருத்துவர் கண்காணிப்பில், ரத்த அணுக்களை எண்ணிக்கொண்டேதான் கொடுக்க வேண்டும்.

இப்போது உங்கள் பணத்துக்கு வருகிறேன். புது மெஷின் வாங்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். இதயத்துக்கு எக்கோ பார்க்கும் மெஷின் இருக்கும் ஆஸ்பத்திரி என்றால் அந்த எக்கோ புரோபே 2 மெகாஹெர்ட்ஸை ஒட்டித்தான் வேலை செய்கிறது, பல மெஷின்களில் மண்டையோட்டு வழி டாப்ளருக்கான அமைப்பு ஏற்கெனவே உள்ளேயே இருக்கும். படம் காட்டும் அந்த வகை மெஷினில் வேகம் சுமார் 10 சதவீதம் தாழ்வாக வரும், அதற்கேற்ப எல்லையை 185-க்கு இறக்கிக்கொள்வார்கள். இதைப் பார்க்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். உண்மையில் பற்றாக்குறை ஆளுக்குத்தான். புரோபைப் பிடித்துச் சரியான தமனியைத் தேடி, ஒவ்வொரு இரண்டு மில்லிமீட்டருக்கும் வேகத்தை எடுத்து, அதிகபட்சத்தைத் தவறவிடாமல் குறிக்க ஒரு செவிலியரோ டெக்னீஷியனோ முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும், நிறையக் குழந்தைகளிடம் கை பழக வேண்டும். அழுதால் வேகம் மாறிவிடும், தூங்கினாலும் மாறும், காய்ச்சல் இருந்தால் கூடிவிடும். அதனால் குழந்தை விழித்து அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து எடுக்க வேண்டும், அதற்குப் பொறுமையான ஆள் வேண்டும்.

எனவே முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று விஷயம் கேளுங்கள். எக்கோ மெஷினில் டிரான்ஸ்கிரேனியல் அமைப்பு இருக்கிறதா. அரிவாள் செல் குழந்தைகளின் பட்டியல் யாரிடம் இருக்கிறது, அவர்களில் எத்தனை பேருக்கு இதுவரை டாப்ளர் பார்த்திருக்கிறார்கள். பயிற்சிக்கு ஒருவரை அனுப்பினால் அவரை வேறு ஊருக்கு மாற்றாமல் இங்கேயே வைத்துக்கொள்ள முடியுமா. மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் உங்கள் நிதியைப் பயிற்சிச் செலவுக்கும், வருடத்துக்கு ஒரு தடவை அந்தக் குழந்தைகளையும் அம்மாக்களையும் ஜீப் வைத்துக் கூட்டிவந்து கொண்டுபோய் விடுவதற்கும், அன்று அவர்கள் இழக்கும் கூலிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் உண்மையிலேயே இல்லை என்று தெரிந்தால் அப்போது டாப்ளர் வாங்குவதைப் பற்றிப் பேசலாம், எந்த மாதிரி வாங்குவது, சர்வீஸ் யார் செய்வார்கள் என்பதைப் பார்க்க நானே வருகிறேன், கோத்தகிரி எனக்குப் பக்கம்தான்.